காகிதம் ஒட்டும் மாப்பிள்ளை

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் விளக்கைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். தரை ஒரே நிறத்தில் வழுவழுவென்று இருந்தால் முகம் சுண்டிவிடும். பூப்போட்ட விரிப்பு கிடந்தாலோ உட்காரக்கூடத் தோன்றாது. அங்கேயே மண்டியிட்டுப் போனை நீட்டி, இடப்பக்கம் சாய்ந்து ஒருமுறை, வலப்பக்கம் சாய்ந்து ஒருமுறை பார்ப்பார். என்னமோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று வீட்டுக்காரர்களும் கூடவே குனிந்து தேடுவார்கள். மனைவி மட்டும் நிமிர்ந்து நின்று, "ஒண்ணும் இல்லைங்க, அவரு அப்படித்தான்" என்பார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

அலுவலகத்தில் இவருக்கு 'ஸ்டிக்கர்' என்று பெயர். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட காகிதம் ஒன்றை மேசையிலோ தரையிலோ ஒட்டிவிட்டு, போன் கேமராவை அதன் பக்கம் திருப்பினால், அங்கே இல்லாத ஓர் அலமாரி திரையில் எழுந்து நிற்கும். சுற்றிவந்து பார்த்தால் அலமாரியின் முதுகும் தெரியும். அந்தக் காகிதத்துக்குத்தான் மார்க்கர் என்று பெயர். அலமாரியை அழகாக வரைகிறவர்கள் வேறு ஆட்கள். காகிதம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும், எந்த வெளிச்சத்தில் கேமரா அதை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் இவர் பாடு. "இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறதுதான் தொழில். அதுவும் நான் காட்டல, காகிதம் காட்டுது. நான் சும்மா நாலு மூலைக்கும் டேப் ஒட்டுறவன்" என்பார்.

ஒட்டும் படத்தைக் கேமரா பிடித்துக்கொள்ளுமா கொள்ளாதா என்பதற்கு மென்பொருள் ஐந்து நட்சத்திரம் வரைக்கும் மதிப்பெண் போடும். கோணலும் மூலையும் நிறைய இருந்தால் ஐந்து. மொழுக்கென்று இருந்தால் ஒன்றுமில்லை. நாளாவட்டத்தில் இவர் உலகத்தையே இந்தக் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மனைவியின் கைப்பைக்கு நாலு, எதிர்வீட்டுத் திரைச்சீலைக்கு ஒன்றரை. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் தன் பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்துப் பார்த்தார். அரை நட்சத்திரம்கூட வரவில்லை. "உச்சந்தலையிலேருந்து தாடை வரைக்கும் ஒரே சமவெளி. கேமராவே நம்மள கண்டுக்கலைன்னா மனுஷங்க எங்க கண்டுக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசக் கொஞ்சம் இடைவெளி விடுவார். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

சறுக்கிய கதைகளையும் இவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். ஊரார் சொல்லிச் சிரிப்பதைவிடத் தானே சொல்லிச் சிரித்தால் பாதி மானமாவது மிஞ்சும் என்று ஒரு கணக்கு. ஒரு மரச்சாமான் கடைக்குச் சாப்பாட்டு மேசை காட்டப் போனபோது, பெரிய தாளுக்குப் போட்ட மார்க்கரை அச்சுக்கடைக்காரர் சின்னத் தாளுக்குள் அடக்கி அச்சிட்டிருந்தார். இவர் அளந்து பார்க்காமல் ஒட்டிவிட்டார். காகிதம் சுருங்கினால் மேசையும் சுருங்கும் அல்லவா? எட்டுப் பேர் உட்காரும் மேசை முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. கடை முதலாளி நாலு பக்கமும் சுற்றி வந்து, "பூனைக்குப் பந்தி போடலாம் சார்" என்றார். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு ஆறங்குல ஸ்கேல் இருக்கிறது. அளந்த பிறகும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. போன தடவை அதே அச்சுக்கடைக்காரர், கிழியாமல் இருக்கட்டும் என்ற நல்ல மனதோடு எல்லாவற்றையும் பளபளவென்று லேமினேட் செய்து கொடுத்துவிட்டார். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்ததில் கேமராவுக்குக் கண் கூசி, அலமாரி வந்து வந்து மறைந்தது.

வீட்டில் இவரை மதிக்காதவர் மாமனார் ஒருவர்தான் என்று சொன்னால், மற்றவர்கள் மதிக்கிறார்கள் என்று ஆகிவிடும். ஆனாலும் மாமனார் அளவுக்கு யாரும் மெனக்கெட்டதில்லை. அவர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, இருபது டன் இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து லாரியில் சத்தம் வராமல் வைத்தவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "காகிதம் ஒட்டுறார்" என்பார். "போஸ்டரா?" என்று கேட்டால், "போஸ்டர்னா அதுல யாரு மூஞ்சியாவது இருக்கும். இது வெறும் கட்டம்" என்பார். இதைச் சொல்லும்போதும் மாப்பிள்ளைக்கு உரிய 'ர்' விகுதியை விடமாட்டார். மரியாதையில் குறை வைத்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடையும் ஒருவழியாகத் திரும்பிவிட்டது. இடது கை மட்டும் திரும்பவில்லை. மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப்போல அது கிடந்தது. வாரம் மூன்று நாள் வரும் பிசியோதெரபிப் பெண் பிடித்து அமுக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். "இதை நாய்க்குட்டி இருக்கிற வீட்ல குடும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போகும்போது அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே இவரிடமும் மனைவியிடமும் சொன்னாள்: "விரல் தானா மடங்கணும் சார். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா கை இறுகிப் போயிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல." அன்று மாலை சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்றுதான் மனைவி குழாயைத் திறந்துவைத்திருக்கிறார் என்பது இவருக்குத் தெரியும். உள்ளே போய் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்தது ஒட்டுவது ஒன்றுதான். ஒரு மரக்கட்டையைச் சின்னக் கனசதுரமாக அறுத்து, ஆறு முகத்திலும் ஆறு வேறு வேறு மார்க்கர்களை ஒட்டினார். வாசிப்பு விளக்கின் வளைகம்பியில் விளக்கைக் கழற்றிவிட்டு, கேமரா மேசையைப் பார்க்கும்படி டேப்லெட்டை மாட்டினார். கட்டையை நகர்த்தினால் திரையில் கிரேன் நகரும். கட்டையை இறக்கினால் கிரேனில் தொங்கும் பெட்டி இறங்கும். ஒரே ஒரு நிபந்தனை: ஆறில் ஒரு முகமாவது கேமராவுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். எல்லா முகமும் கொஞ்சம் கொஞ்சம் மறைந்துவிட்டால் கிரேன், கப்பல், கடல் எல்லாம் போயே போய்விடும். மாமனாரின் விரல்கள்தான் மடங்காதே. கட்டையை அவர் இடது உள்ளங்கையில் வைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டிவிட்டார்.

மாமனார் கையை இடமும் வலமும் நகர்த்தித் திரையைப் பார்த்தார். பிறகு, "கூண்டு இவ்வளவு கீழ இருக்காது மாப்பிள்ளை" என்றார்.

இவர் கூண்டை உயர்த்தினார். மறுநாள், "கப்பல் கரையோட ஒட்டி நிக்குது. நடுவுல ரப்பர் தாங்கி எங்க?" தாங்கி வந்தது. அடுத்த நாள், "சங்கிலியா இது? இரும்புக் கயிறு போடுங்க." அலுவலகத்தில் வாடிக்கையாளர் இத்தனை குறை சொன்னால் புலம்பித் தீர்க்கிற மனிதர், இங்கே ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். குறை கண்டுபிடிக்க வேண்டுமானால் கிரேனை ஓட்டியாக வேண்டும். ஓட்ட வேண்டுமானால் கையை நகர்த்தியாக வேண்டும். இப்படியே மாமனார் தினம் முக்கால் மணி நேரம் கையை நகர்த்தினார். தோள் நகர்ந்தது, முழங்கை நகர்ந்தது. விரல்கள் மட்டும் ஊமையாகவே இருந்தன. பிசியோதெரபிப் பெண் பார்த்துவிட்டு, "பட்டையைக் கழட்டிடுங்க. பட்டை இருக்கிற வரைக்கும் விரலுக்கு என்ன வேலை?" என்றாள். கழற்றிய பிறகு கட்டை நாளுக்கு இருபது தடவை கீழே விழுந்தது. மனைவி எடுத்து எடுத்துக் கையில் வைத்தார். அந்தப் பெண் சொன்ன இரண்டு மாதத்தில் ஏழு வாரம் இப்படியே போய்விட்டது. மாப்பிள்ளை ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியாக வந்த குறை இது: "பெட்டி ஆடவே மாட்டேங்குது மாப்பிள்ளை. கடல் காத்துல ஆடாத பெட்டியை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. பெட்டி ஆடினா, நாம பிடியை இறுக்கி எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தணும். அதுதான் வேலையே. மத்ததெல்லாம் லிப்ட் ஓட்டுற மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி ஆடியது. மிதமான காற்றுக்குத்தான் எண் போட்டதாக இவர் நினைப்பு. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்து பத்து மடங்கு புயல் அடித்தது. மாமனார் பெட்டியைத் தூக்கிப் பாதி தூரம் கொண்டுவந்திருப்பார். அது ஒரு வீச்சு வீசிக் கப்பலின் மேல்தளத்தை நோக்கிப் போனது. "ஏய், ஏய், ஏய்!" என்று கத்தினார் மாமனார். அடுத்த நொடி பெட்டி இல்லை, கப்பல் இல்லை, கிரேனும் இல்லை. திரையில் வெறும் மேசையும் ஒரு கிழட்டுக் கையும் தெரிந்தன.

"பெட்டி எங்க மாப்பிள்ளை?"

"ஒரு நிமிஷம் மாமா. நான் ஒரு முட்டாள். காத்தை நான்தான் கூட்டி வச்சுட்டேன். எல்லாம் படுத்துடுச்சு."

திரைச்சீலையை இழுத்து மூடினார். மின்விசிறியை நிறுத்தினார். பனியன் நுனியால் கேமராவைத் துடைத்தார். "என்னங்க" என்றார் வாசற்படியில் நின்ற மனைவி. "இரு, இரு" என்று டேப்லெட்டை அணைத்துத் திரும்பப் போட்டார். மறுபடியும் மேசை, மறுபடியும் அதே கை. "உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கேனா நான்? ஒட்டத் தெரிஞ்சவன் ஒட்டுறதோட நிக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "என்னங்க!" என்றார் மனைவி மறுபடியும், குரல் ஒருமாதிரி உடைந்திருந்தது. திரையில் கோளாறில்லை என்றால் மார்க்கர் கிழிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை நீட்டி, "கட்டையைக் குடுங்க மாமா" என்று இழுத்தார்.

கட்டை வரவில்லை.

"விடுங்க மாமா."

"நான் எங்க மாப்பிள்ளை புடிச்சிருக்கேன்?" என்றார் மாமனார், எரிச்சலாக.

இவர் திரும்பினார். மாமனாரின் இடது கைக் கட்டைவிரல் மேலேயும் மற்ற நான்கு விரல்கள் பக்கத்திலுமாக மடங்கிக் கட்டையை மூடியிருந்தன. ஒரு முகம்கூட முழுதாகத் தெரியவில்லை. மறுபடியும் இழுத்தார். வரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக, அது வரக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.