காரிபு இறங்கும் மாதம்

பிப்ரவரி 9, ஞாயிறு. காலை 5.40க்கு மனைவியிடம் சொல்லிக்கொண்டு பருத்திப்பட்டிலிருந்து கிளம்பினேன். மேற்குக் கனடாவின் மலைக்காடுகளில் வாழும் காரிபு என்ற பனிமானைப் பற்றி ஆறு வருடங்களாகப் படித்து வருகிறேன். ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய். காம்லூப்ஸ் நகரில் முரளி காத்திருந்தான். அண்ணனூரில் என்னோடு படித்தவன். இங்கே லாரி ஓட்டுகிறான். அவன் காரில் மலையடிவார ஊரான ரெவல்ஸ்டோக் 210 கிலோமீட்டர். என் கணக்கு எளிது: குளிர் முற்றினால் மலை விலங்கு பள்ளத்தாக்குக்கு இறங்கும், ஆகவே பிப்ரவரி.

பிப்ரவரி 12. காலை எட்டிலிருந்து இரண்டு வரை பள்ளத்தாக்குக் காட்டில் நடந்தோம். ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தை விரித்தார். நவம்பரில், புதுப்பனி இளகிக் கிடக்கும்போதுதான் அவை கீழே வருமாம். ஜனவரி வாக்கில் பனி இறுகியதும் திரும்ப ஏறிவிடும். அகன்ற குளம்பு அதில் அதிகம் புதையாது. ஆளுயரப் பனிமேல் நின்றால்தான் கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசி வாய்க்கு எட்டும். வசந்தத்தில் தளிருக்காக மறுபடி இறக்கம், கன்று ஈன மறுபடி ஏற்றம். இப்போது அவை நிற்கும் உச்சிக்கு ஆட்கள் போகத் தடை.

முரளி சிரித்தான். "இன்னா மச்சான், மின்ரயில் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலே நோட்ல எழுதுவே. இத்தப் பாக்காம ஏறிகினு வந்துக்கீறே."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். உச்சியை மேகம் மூடியிருந்தது. அங்கேதான் எங்கோ நின்று மேய்ந்துகொண்டிருக்கும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். முரளி தோளில் கை வைத்தான்.

"உடு மச்சான். பனி ஏறுனா அதுங்க ஏறுது. தண்ணி ஏறுனா நீ மாடிக்கு ஏறல? நவம்பர்ல வா. நான் கீறேன்ல."

தலையாட்டி வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன். அண்ணனூர் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ 120 ரூபாய். ஏரி அமைதியாகக் கிடந்தது. நவம்பர் மழையில் அது எங்கள் தெருவுக்குள் வரும். அரிசி, மெத்தை, துணிமணி எல்லாவற்றையும் மாடி வீட்டுக்கு ஏற்ற நாங்கள் இரண்டு பேர்தான். மனைவிக்கோ முழங்கால் வலி. என் நாட்குறிப்பில் எந்த நவம்பரைப் புரட்டினாலும் அந்த ஒரு வேலைதான் இருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி, காபியைக் கொடுத்தபடி.

"மேல போயிடுச்சாம்."

"திரும்ப எப்போ கீழ வரும்?"

"நவம்பர்ல."

அவள் திரும்பி, சுவரில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்க் கறையைப் பார்த்தாள்.