ஜெனரேட்டர் அறையை நான் திறக்கவில்லை

பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டேன். ஒருத்தி உயிர் போய் மவுத்தானாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அரசாங்கத்தின் இலவச சிகிச்சைத் திட்டத்தில் சேரும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்க ஒரு நிறுவனம் உண்டு. அந்த நிறுவனத்தார் ஒழுங்காகப் பரிசோதிக்கிறார்களா என்று முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்ப்பது என் உத்தியோகம். கழுத்துப்பட்டி கட்டிய அந்தக் கனவான்களை நீங்கள் அறியமாட்டீர்கள்... சுவரின் வர்ணத்தை மெச்சிவிட்டுக் கோழிக்கால் கடிப்பவர்கள்! நான் மட்டும் என்ன கிழித்தேன்?

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் புறப்படுமுன் உரிமையாளருக்குக் கோல் எடுத்து வருவதைச் சொன்னேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது எங்களூரில் மரியாதை இல்லையே! உரிமையாளர் ஹாஜியார் சஹன் வைத்திருந்தார். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி அவர், நிறுவனத்தின் பரிசோதகர், நான்... ஒரே சோற்றில் கை. பரிசோதகர் நல்ல இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஜெனரேட்டர் பின்னுக்கு இரிக்கி சேர். சத்தம் கேக்குதுதானே?" என்றார் ஹாஜியார்.

கேட்டது. ஜன்னலால் ஓர் உழவு இயந்திரமும் தெரிந்தது. அதன் பெட்டியில் சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் பெயர், உள்ளெல்லாம் உமி. அந்த ஆலையிலிருந்து அன்றைக்கு மட்டும் இரவல் வந்த ஜெனரேட்டர் என்று விளங்கியது. ஒரு சஹனில் சாப்பிட்டவனிடம் "அறையைத் திற" என்று எந்த வாயால் சொல்வது? கையைக் கழுவிவிட்டு, ஜெனரேட்டரைக் கண்ணால் கண்டதாக அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

சில மாதங்களில், கரண்ட் போன ஒரு பின்னேரம், சத்திரசிகிச்சையின் நடுவில் சாய்ந்தமருது மீனவர் ஒருவரின் மனைவி இறந்தாள். பின்னறையில் வெறும் சீமெந்துத் தரைதான் இருந்தது. "நாங்கள் பார்த்தபோது எல்லாம் சரி" என்று நிறுவனம் கடிதம் எழுதியது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! ஆதாரமாக இணைத்தது என் அறிக்கையை.

அதன் பிரதியோடு அவளுடைய கணவர் என் காரியாலயத்துக்கு வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

"சேர், நீங்க கண்ணால பாத்ததெண்டு இதில இரிக்கி. அவனுகள் பொறகு ஜெனரேட்டர வித்திருக்கானுகள். நீங்கதான் சாட்சி. விசாரணைக்கு வந்து இதச் செல்லுவீங்களா?"

"ஓம்" என்றேன்.

விசாரணையிலும் ஜெனரேட்டரைக் கண்டதாகவே சத்தியம் செய்தேன். ஆஸ்பத்திரியை மூடினார்கள். நான் நேர்மையான அதிகாரியானேன்! நிறுவனம் இன்றும் சான்று கொடுக்கிறது. நான் இன்றும் அதைக் கண்காணிக்கிறேன். சிரிக்கிறீர்களா?

அந்த மனிதர் வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறார். "எங்களுக்காக நிண்டது நீங்க ஒராள்தான் சேர்" என்கிறார்.

வாங்குகிறேன்... ஆக்கித் தின்கிறேன்.