வாசலுக்கு ஐந்து டைல்ஸ்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைப் பத்திரமாக வைத்திருந்து, சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆண்டவர் இதை மன்னிக்கலாம். என் கணவர் இன்னும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் நான் பழிவாங்கியது அவருடைய அக்காவை.

அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. எனக்கு ஏழாவது மாதம். என் வயிற்றின் மேல் குப்புறப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் சறுக்கிச் சறுக்கி விழுவாள், அழுவாள், மறுபடி ஏறுவாள். முதல் பிரசவம் ஆபரேஷன். இதுவும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் போட்ட வயிற்றில் யாரையும் ஏற்ற முடியாது. இரண்டு மாதத்துக்குள் அவள் தன் படுக்கையில், தானாகத் தூங்கப் பழகியாக வேண்டும்.

திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பக்கத்து சீட்டுக்காரி ஒரு வழி சொன்னாள். குளிக்க வைத்து, பால் கொடுத்து, ஒரு கதை சொல்லி, எட்டு மணிக்குப் படுக்க வை. பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார். தூக்காதே, தட்டிக்கொடுக்காதே. இரண்டு நாளைக்கு ஒரு முறை சேரை ஒரு டைல்ஸ் பின்னால் தள்ளு. அவள் படுக்கையிலிருந்து அறை வாசலுக்கு ஐந்து டைல்ஸ் இருந்தது. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நாள் அழுதாள். "கண்ண மூடு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் நாள் சேர் ஒரு டைல்ஸ் நகர்ந்தது. வீடே அதிரும்படி கத்தினாள். அப்போது வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அஸ்தினாபுரத்தில் அந்த அப்பார்ட்மெண்டில் எங்களுக்கு எதிர் வீடுதான் அண்ணியின், அதாவது என் கணவருடைய அக்காவின் வீடு. அவர் கணவர் கத்தாரில். பிள்ளைகள் இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது.

"புள்ள இப்படி அழுவுது, நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க. நீ எல்லாம் ஒரு தாயா?" என்றவர், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் அவள் தூங்கிவிட்டாள். மறுநாள் சேரில் நான் உட்கார்ந்ததுமே "அத்த, அத்த" என்று கத்தினாள். அண்ணி மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நான் திரும்பவும் முதல் டைல்ஸுக்கு வந்து சேர்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அந்த வெள்ளிக்கிழமை நடந்தது. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம், வாரம் ஒரு வீட்டில். பாட்டு, வசனம், பிறகு ஜெபக்குறிப்பு. யாருக்கு என்ன கஷ்டமோ சொல்வார்கள், எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். ஒருவரைப் பற்றி நேராகச் சொன்னால் அது புறணி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது ஜெப பாரம். அன்றைக்கு அண்ணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பேர் சொல்ல விரும்பல. ஒரு சின்னப் புள்ள, தினமும் இருட்டுல தனியா அழுவுது. அந்தத் தாய்க்கு ஆண்டவர் தாயோட மனச குடுக்கணும்னு ஜெபிச்சுக்கலாம்."

பதினைந்து பேர் எனக்காக ஜெபித்தார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மூன்று பேர் ஏற்கெனவே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் சமோசா கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன். உனக்கு இருக்கு அண்ணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தின்றேன்.

மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு வாசல் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அண்ணி தட்டினார், பெல் அடித்தார், தம்பிக்கு போன் போட்டார். என் கணவர் எழுந்து கதவருகே போனார். "தொறந்தா நாளையிலேர்ந்து நீங்க வயித்துல படுக்க வச்சிக்குங்க" என்றேன். அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் டைல்ஸ். மூன்றாம் டைல்ஸ். அழுகை சிணுங்கலானது, சிணுங்கல் தனக்குத்தானே பேசுகிற பேச்சானது. நாலாம் டைல்ஸில் ஒரு நாள் மகள் தலையைத் தூக்கி, "அம்மா, சேர் அங்க போடு" என்று வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாள். நான் சேரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த அழுகையின் நடுவிலும் அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்று ஹால் நிறைந்திருந்தது. அண்ணி பாஸ்டரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு மகள் தூங்கும்போது கட்டிக்கொள்ளும் துண்டை இழுத்துக்கொண்டு எழுந்து, எல்லாருக்கும் கையாட்டிவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்தாள். பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்த பாஸ்டரம்மா, "ஸ்தோத்திரம்! தூங்கிடுச்சே!" என்றார். அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அண்ணியின் கணவர் கத்தாருக்குப் போன புதிதில், ஒரு நாள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்லியிருந்தார். சின்ன வயதிலிருந்தே இருட்டில் தனியாகப் படுக்கப் பயமாம். டிவியும் லைட்டும் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாராம். யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லக் கூடாது என்று தெரிந்தேதான் ஜெபக்குறிப்பு நேரத்தில் நான் கண்ணை மூடினேன்.

"பேர் சொல்ல விரும்பல. நம்ம நடுவுல ஒரு சகோதரி, நாப்பத்திரெண்டு வயசு. புருஷன் வெளிநாட்டுல. எங்க பாப்பா தனியா தூங்குது, அவங்களால தூங்க முடியல. ஆண்டவர் அந்தப் பயத்த எடுத்துப் போடணும்."

நான் கண்ணைத் திறந்தபோது அண்ணி தலையைக் குனிந்து புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஜில்லென்று இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கிறது.

ஆனால் பாஸ்டரம்மா ஜெபிக்கவில்லை. கண்ணைத் திறந்து அண்ணியின் கையைப் பிடித்தார். "ஏம்மா, இத்தன நாள் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. எதிர் வீடுதானே? அவர் வர்ற வரைக்கும் இவங்க ராத்திரி உங்க வீட்டுலயே படுக்கட்டும். பாப்பா ரூம்ல எடம் இருக்குல்ல?"

பதினைந்து பேர் ஆமென் சொன்னார்கள். என் கணவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் எட்டு மணிக்கு அண்ணி மெத்தையோடு வந்தார். மகளின் படுக்கையை ஒட்டி விரித்தார். எல்லாம் போயிற்று, இனி தோளில் போட்டுத்தான் தூங்க வைப்பார், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மகள் வயிற்றில் ஏறுவாள் என்று கணக்குப் போட்டேன். ஹாலில் சேரில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அத்த கிட்ட வரியா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

"வேணாம். நீ அங்க படு. கண்ண மூடு. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் என் மகள்.

கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தேன். இருவரும் தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு மெல்லிய குறட்டைகூட வந்தது. லைட் அணைந்திருந்தது.

நான் மனம் இளகிவிட்டேன் என்று என் கணவர் நினைத்தார். மறுநாள் காலையில் அறையைப் பெருக்கும்போது, சுருட்டி வைத்திருந்த அண்ணியின் மெத்தையைக் காலால் ஒரு டைல்ஸ் வாசல் பக்கம் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அண்ணி கவனித்தாரா என்று தெரியாது. மெத்தை எங்கே கிடந்ததோ அங்கேயே விரித்துப் படுத்தார். நான் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அது ஹாலைத் தாண்டி, வாசல் கதவை ஒட்டிய செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது.