பதினோராவது விண்ணப்பம்

மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஆண்டவரிடம் நல்ல மார்க்கு கேட்பார்கள், நல்ல புத்தி கேட்பார்கள், இன்னும் கொஞ்சம் உயரம்கூடக் கேட்பார்கள். என் அம்மா எனக்கு ஒரு சிநேகிதி கேட்டாள். கேட்டதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில் நின்று, ஆண்டவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி கேட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், சபையின் உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று மைக்கை வாங்கிக் கேட்டாள். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்த வயதில் மானம் போவதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையே இல்லை.

அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாங்கள் ராணிப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பீன்யாவில் வேலை என்றால் அந்தப் பக்கமாகத்தானே வீடு பார்ப்பார்கள்? அப்பா ஊரின் இன்னொரு கோடியில், லிங்கராஜபுரத்தில் பார்த்தார். தமிழ்ச் சபை நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவார், இரவு ஒன்பதுக்குத் திரும்புவார். சபைக்கு மட்டும் ஐந்தே நிமிடத்தில் போய்விடலாம்.

பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. யாராவது கிண்டல் செய்திருந்தால் அவளை வெறுத்துக்கொண்டாவது பொழுதை ஓட்டியிருப்பேன். அந்த வகுப்புப் பெண்கள் எல்லாரும் எல்கேஜியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர், யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கன்னடத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிகிற அவர்கள் பேச்சுக்குள் நான் எங்கே நுழைவது என்று தெரியாமல் நிற்பேன். நான் நுழைவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டிருக்கும். மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பவள் போல வேகமாக நடந்து, இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தனியாக இருப்பதைவிட, தனியாக இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகப் பட்ட பாடுதான் அதிகம். சில நாள் அழுகை வரும். அழுதுவிட்டுக் கையோடு முகத்தைக் கழுவிக்கொள்வேன்.

வீட்டில் கேட்டால், நிறையப் பேர் பழக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா போனபோது குட்டு உடைந்தது. வகுப்பு மிஸ், பெண் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் யாரோடும் சேருவதில்லை என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டார். அம்மா வழியெல்லாம் ஏதோ கணக்குப் போட்டபடி நடந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் சபைப் பெண்கள் உபவாசம் இருந்து ஜெபிப்பார்கள். விண்ணப்பம் இருக்கிறவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். சபைச் செயலாளரின் மனைவி எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு வாட்ஸாப் குழுவில் அனுப்புவார். அந்தக் குழுவில் ஆண், பெண், கிழவர், குமரி என்று சபை மொத்தமும் இருந்தது. அன்றைய பட்டியல் எனக்கு இன்னும் மனப்பாடம். பத்தாவது, ஒரு அங்கிளின் சிறுநீரகக் கல் கரைய. பன்னிரண்டாவது, ஹென்னூரில் ஒரு சைட், அதாவது வீட்டுமனை, நல்ல விலைக்கு விற்க. இரண்டுக்கும் நடுவே பதினோராவதாக, எங்கள் வீட்டு விலாசத்தோடு, மகளுக்கு நல்ல கிறிஸ்தவ சிநேகிதி கிடைக்க. அதன் கீழே பீன்யாவிலிருந்து அப்பா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். அவரைப் பார்த்து முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஆளாளுக்கு என் தலையைத் தடவினார்கள். ஏதோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒரு ஆன்ட்டி தன் இரண்டு மகள்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தி, “ம், பேசுங்க” என்றார். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். மூத்தவள் என் செருப்பு நன்றாக இருக்கிறது என்றாள். அத்தோடு எங்கள் நட்பு முடிந்தது. இன்னொரு ஆன்ட்டி விடாமல் வீட்டுக்கே போன் போட்டார். “ரொம்ப மனசு பாரப்பட்டு ஜெபிச்சேன் பாப்பா. வந்தாளா?” கேஸ் சிலிண்டர் வந்ததா என்று விசாரிப்பது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன்.

“ஊர்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் என்னப் பத்தி ஏம்மா சொன்ன? நான் கேட்டனா?”

“நீ கேக்கலடி. அதான் நான் கேட்டேன்” என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.



இதோடு போகவில்லை. யாருக்காக உபவாசம் இருக்கிறார்களோ, அவர்கள் வீட்டில் கஞ்சி குடித்து உபவாசத்தை முடிப்பது அந்தப் பெண்களின் வழக்கம். பட்டியலில் முதல் ஒன்பது பேர் வீட்டிலும் ஏற்கெனவே கஞ்சி குடித்து முடித்திருந்தார்கள். சிறுநீரகக் கல் சீக்கிரமே கரைந்துவிட்டது. சைட் விற்பது ஆண்டவர் கையில் மட்டும் இல்லை, பத்திரத்திலும் ஏதோ சிக்கல் என்று தள்ளிப் போட்டார்கள். ஆக, வாரா வாரம் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றது. மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். உள்ளே கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். என்னைக் கண்டதும் எல்லாரும் சட்டென்று முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மறுபடி சிரிப்பு தொடங்கும். அதிகச் சத்தம் அம்மாவுடையதுதான். படிக்க முடியவில்லை என்று பலமுறை கத்தியிருக்கிறேன்.

இந்தத் தலைதடவலுக்குத் தப்பிக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே நழுவி, கோயிலுக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் புகுந்தேன். சுருட்டி வைத்த பாய்களும் கிறிஸ்துமஸ் குடிலின் மூங்கில்களும் கிடக்கிற அறை அது. பாய்க்கட்டின் மேல் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். கொயரில் பாடுகிற ஒருவரின் மகள், பெனிட்டா. முகம் தெரியும், பேசியதில்லை.

“ஏய், நீ பதினொண்ணுதானே?” என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பி வெளியே போகப் பார்த்தேன்.

“அட, உக்காரு. நான் போன மாசம் நாலு. ‘பெனிட்டாவின் பிடிவாதம் நீங்க.’ எங்கம்மா குடுத்தது. செம பேஜாரு. மூணு வாரம் நம்ம சபை ஐயர் எங்க வீட்டுக்கு வந்து எம்மேல கை வெச்சு ஜெபிச்சாரு.”

“நீங்குச்சா?”

“எங்க நீங்கும்? இன்னும் ரெண்டு கிலோ ஏறிடுச்சு.”

நான் பெங்களூருக்கு வந்து முதல்முறையாக வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். பாதிப் பாக்கெட் பிஸ்கெட்டை என் பக்கம் தள்ளினாள். அவள் தன் அம்மாவின் போனை வாங்கி வந்தாள், பழைய பட்டியல்களையெல்லாம் இருவரும் படித்தோம். எந்த விண்ணப்பம் அதிக அவமானம் என்று மார்க்கு போட்டோம். அவளுக்கு எட்டு போட்டேன், எனக்கு அவள் பத்துக்குப் பத்து போட்டாள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே பாய்க்கட்டுதான். அவள் வேறு பள்ளிக்கூடம். ஆகவே நான் மதியத்தில் அதே படிக்கட்டில்தான் உட்கார்ந்தேன். ஆனால் இப்போது அங்கே உட்கார்ந்து, பெனிட்டாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கியது.

ஒருநாள் அவள் திடீரென்று, “நாம நெஜமாவே ஒருவாட்டி ஜெபம் பண்ணலாமா? மைக்கு இல்லாம?” என்றாள். கூச்சமாக இருந்தது. கண்ணை மூடினால் சிரிப்பு வரும் என்று திறந்தபடியே செய்தோம். அவள் எனக்காக இரண்டு வரி சொன்னாள், நான் அவளுக்காக இரண்டு வரி சொன்னேன். சின்ன வயதிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருந்த ஜெபங்களில் ஒன்றைக்கூட நான் அப்படி ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொன்னதில்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல வேண்டும். விண்ணப்பம் நிறைவேறினால், குடும்பத்தோடு முன்னால் போய் நின்று, எப்படி நிறைவேறியது என்று விலாவாரியாகச் சொல்வது எங்கள் சபையில் சட்டம் மாதிரி. பெனிட்டாவையும் என்னையும் ஜோடியாக நிறுத்திக் கைதட்டுவார்கள். அவளுடைய பிடிவாதமும் நீங்கியதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே சபையில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நடித்தோம். யாராவது எங்களை அறிமுகப்படுத்த வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பினோம். பாவம், அந்தப் பெண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்தார்கள். அம்மாவும் கிடந்தாள். கிடைத்துவிட்ட ஒன்றுக்காக அவள் வயிற்றைக் காயப்போடுவதைப் பார்க்கும்போது உறுத்தும். அதற்காகச் சாட்சி சொல்ல முடியுமா?

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, பரீட்சை நாளானதால் இருவர் பள்ளியும் மதியமே விட்டதும், நேரே வீட்டுக்குப் போகாமல், பேக்கரி வாசலில் பெனிட்டாவோடு நின்று, ஒரே பஃப்ஸை இரண்டாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில், கஞ்சிக்குப் புதினாக் கட்டு வாங்கிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. நான் பஃப்ஸோடு உறைந்து போனேன். அம்மா ஒரு சிரிப்புச் சிரித்தாள். கூப்பிடவில்லை. வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை தொலைந்தோம் என்று இருந்தேன். சாட்சி நேரம் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த வெள்ளி வந்த பட்டியலில் பதினோராவது விண்ணப்பம் அப்படியே இருந்தது. கஞ்சி நடந்தது. அதற்கு அடுத்த வெள்ளியும் நடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. தெரியாமல் பட்டினி கிடந்தால் பக்தி என்று சொல்லலாம், தெரிந்தும் கிடந்தால் அதற்கு என்ன பெயர்?

“நீதான் பாத்துட்டியேம்மா. இன்னும் ஏன் என் பேரைப் போட்டு ஊரைக் கூட்டுற? எடுக்கச் சொல்லு.”

அம்மா பாத்திரத்தைத் தேய்த்தபடி, “இருக்கட்டும்டி. இன்னும் ரெண்டு வாரம் போவட்டும்” என்றாள்.

“என்னாத்துக்கு?”

அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அவளுக்கு என்னைப் பற்றி நம்பிக்கையே இல்லை, இவளாவது ஒரு சிநேகிதியைத் தக்க வைப்பதாவது என்று நினைக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். கோபம் தலைக்கேறியது. பெனிட்டாவிடம் போய்ச் சொன்னேன். “வா, நாமளே முடிச்சிடலாம்” என்றாள் அவள்.

அந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில், நானே எழுந்து முன்னால் போனேன். பெனிட்டாவும் வந்தாள். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஆண்டவர் எனக்கு சிநேகிதி கொடுத்துவிட்டார், இவள்தான் அவள், ஜெபித்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம், இனி யாரும் எனக்காக உபவாசம் இருக்க வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சபை அதிரக் கைதட்டினார்கள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெனிட்டாவின் அம்மா வாயைப் பிளந்தபடி இருந்தார். என் அம்மாவும் கைதட்டினாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

“உபவாசத்துக்குப் போவலியா?”

“இனிமே ஹொரமாவுல ஒருத்தங்க வீட்லயாம். அவங்க மருமவளுக்குக் கொழந்தை வேணுமாம்.”

“போறதுதானே?”

“நமக்குத்தான் முடிஞ்சிருச்சே. ஒண்ணும் இல்லாம சும்மா போயி அடுத்தவங்க வீட்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

“நல்லதாப் போச்சு. வயிறாரச் சாப்பிடு” என்றேன். உண்மையாகவே அவளுக்கு ஒரு நன்மை செய்துவிட்டதாக எனக்குப் பெருமை. மூன்று மாதப் பட்டினியை ஒரே சாட்சியில் நிறுத்தியவள் அல்லவா?

யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு பெனிட்டா வீட்டுக்குக் கிளம்பினேன். இப்போது ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை, நேரே வாசல் வழியாகவே போகலாம். அம்மா கதவு வரைக்கும் வந்தாள்.

“எப்ப வருவ?”

“தெரியலம்மா, பேசிட்டு வருவேன். எப்பப் பாரு கேள்வி.”

எட்டு மணிக்குத்தான் திரும்பினேன். அப்பா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெனிட்டா சொன்னது, நான் சொன்னது, நாங்கள் சிரித்தது எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டே சொல்லித் தீர்த்தேன். நீ இவ்வளவு நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று அம்மாவைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.