தலை நோன்பும் தலையிடியும்

கள்ள நோன்புக்காரி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வைத்தவர் மாமி, வாப்பாவின் தங்கச்சி. ஒலுவிலிலிருந்து எங்கள் கல்முனை வீட்டுக்கு வந்து நோன்பு மாதம் முழுக்கத் தங்கியிருந்தவர். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசி. நோன்பு ஓகஸ்ட் வெயிலில் வந்தது. எனக்கு ஒன்பது வயது. மாதத்தின் முதல் நோன்பை எங்கள் பக்கம் தலை நோன்பு என்போம். அதை முழுதாகப் பிடித்தால், நோன்பு துறக்கும்போது பெரியவர்களின் பாயில் எனக்கும் இடம் என்று உம்மா சொல்லியிருந்தார். அதுவரை சின்னப் பிள்ளைகளோடு குசினியில், அடுப்படியில்தான் எனக்குக் கஞ்சி.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கோப்பி கிடையாது. கோப்பி சூடு, தூக்கம் கெடும் என்பார்கள். தேத்தண்ணி மட்டும் கேட்காமலே வரும், சாயம் கறுக்கக் கறுக்க. விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. பெயரிலேயே தண்ணி இருந்ததால் அதைத் தண்ணீராகவே நினைத்திருந்தார்கள். அன்று விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டோடு மட்டும் அது இல்லை. குடித்தால் பகலில் தாகம் எடுக்கும் என்று மாமி எல்லோருக்கும் தடுத்துவிட்டார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது என் தலை இடிக்கத் தொடங்கியது. பசியைத் தாங்கினேன், தாகத்தையும் தாங்கினேன். இது கண்ணுக்குப் பின்னால் யாரோ உரலில் இடிப்பதுபோல் இருந்தது. சுவரோரம் சுருண்டு அழுதேன்.

மாமி வந்தார். "நாக்க நீட்டு பாப்பம்."

நோன்பாளியின் நாக்கு காய்ந்து வெளுத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளின் நோன்பைச் சோதிப்பார்கள். நீட்டினேன். வெளுத்துத்தான் இருந்தது.

"மாவ நக்கியிருப்பாய்" என்றார். "ஒளிச்சுத் தண்ணி குடிச்ச புள்ளைக்குத்தான் இப்பிடித் தலையிடிக்கும். காக்காவப் பாரு, நோன்பு புடிச்ச மாதிரியே இல்ல."

காக்கா என் அண்ணன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். கடைத்தெருவுக்குப் போய்விட்டு அப்போதுதான் சிரித்த முகத்தோடு வந்திருந்தான்.

"உங்களுக்கும்தானே தலையிடிக்குது மாமி?" என்று கேட்டேன். அவர் தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"எனக்குப் பித்தம்டி."

அதாவது அவருக்கு வந்தால் வியாதி, எனக்கு வந்தால் வேஷம். உம்மாவைப் பார்த்தேன். வாப்பாவின் தங்கச்சியை எதிர்த்துக் கதைக்க உம்மாவுக்கு வாய் வரவில்லை. வாப்பா நோன்பு துறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், அவரிடம் முறையிடவும் வழியில்லை.

அந்தியில் மாமி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் விட்டார். பெரியவர்களின் பாயில் நான் நினைத்துவைத்திருந்த இடத்தில் காக்கா உட்கார்ந்திருந்தான். வாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், கஞ்சி, அதன் பிறகு தேத்தண்ணி. குடித்துக் கொஞ்ச நேரத்தில் என் தலையிடி இருந்த இடம் தெரியாமல் போனது. மாமியும் குடித்துவிட்டுத் துணியை அவிழ்த்துவிட்டார்.

"பாத்தீங்களா, குடிச்ச உடன சுகம். எல்லாம் நடிப்பு" என்றார். தன் பித்தமும் அதே நேரத்தில் அடங்கியதை அவர் யோசிக்கவே இல்லை.

பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் காக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னான். அன்று பகல் சந்தைக்குப் பின்னால், சாக்குத் திரை கட்டிய கடையில் அவன் இரண்டு பிளேன்டி, அதுதான் வெறும் தேத்தண்ணி, குடித்தானாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பியில் இருக்கிற கஃபீன்தான் தேயிலையிலும் இருக்கிறது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, அதைத் திடீரென்று நிறுத்தினால் தலையிடியாகக் காட்டும். நோன்பு வருவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இப்போது டாக்டர்மார் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அன்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கறுக்க ஊற்றிக் கொடுத்துப் பழக்கியவர்களே அவளைக் கள்ளி என்றார்கள்.

அன்று பகல் மாமியும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. குடித்தவன் பாயில் இருந்தான். என்னைக் கள்ளியாக்கிய அந்தத் தலையிடிதான் என் நோன்புக்குச் சாட்சி என்று, சுவரோரம் அழுதுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.