ஏழு முதல் வெள்ளிக்கிழமைகள்

சலேத் மேரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி மனைவி விக்டோரியா போனில் சொன்னபோது, திண்டிவனம் மருத்துவமனையில் காலை டியூட்டி முடித்து அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். "ஜல்தி வந்துடுங்கக்கா, சாயங்காலமே எடுக்கிறாங்க" என்றாள். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை, இப்போது தெரியும். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அடக்கப் பூசையில் பங்குச் சாமியார், "தினமும் நற்கருணையால் வாழ்ந்தவர்" என்று பிரசங்கம் வைத்தார். பிறகு பங்குக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "களைப்புன்னா என்னன்னே தெரியாதவங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினீர்கள். களைப்பு என்றால் என்னவென்று அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரையும்விட அதிகம் தெரிந்தவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

1993இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே ஆறு வருடம் மூத்த நர்ஸ். இருவருக்கும் வீடு விழுப்புரத்தில், ஒரே கோயில் பங்கில். காலை பாசஞ்சரில் சேர்ந்துதான் போவோம். ஐந்தரை மணிப் பூசையை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வருவார். தலையில் போட்ட முக்காட்டை எடுக்கும் ஞாபகம் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் வரும்.

சேர்ந்த சில மாதங்களிலேயே, ஒரே வாரத்தில் மூன்று விபத்துக் கேஸ்கள் என் கையில் போயின. மூன்றாவது, கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண். மறுநாள் ரயிலில், "எனக்கு இந்த வேல வாணாங்கா, எழுதிக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன். அக்கா மல்லாட்டைக் கடலையை உரித்து என் கையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு மட்டும் இரும்புலயாடி ஒடம்பு? தெனம் சாயங்காலம் ஒண்ணுமில்லாமத்தான் வூட்டுக்குப் போறேன். காலைல போய் நன்மை வாங்கிக்கினு வர்றேன். அது அன்னிக்குப் பொழுதுக்குப் பத்துது. நேத்து வாங்கினது இன்னிக்கு ஆவாது." பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம்தான் நற்கருணை; அதை வாங்குவதை எங்கள் பக்கம் நன்மை வாங்குவது என்போம். அதைக் கேட்டு நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்துப் போகிறவள் நான். ஆனால் வேலையை விடவில்லை.

அவரைப் புனிதையாக்கப் பார்க்கிறீர்கள், அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அம்மா இறந்த வருடம், அதே ரயிலில், "ஆறு மாசமா கோயில்ல ஒண்ணும் தோணலடி. போறேன், வாங்குறேன், வர்றேன். மரக்கட்டையாட்டம் இருக்குது" என்றார்.

"பின்ன எதுக்குக்கா விடியக்காலம் எழுந்து இந்தப் பேஜாரு?" என்று கேட்டேன்.

"ஜுரத்துல வாய் கசக்குதுன்னா, பேஷண்டுக்குக் கஞ்சி குடுக்காம உட்ருவியா?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோவார். எந்தெந்த வீடு என்று நீல அட்டை நோட்டில் பட்டியல் எழுதியது சலேத்தக்கா. இருபது வருடம் எழுதினார். அன்றைக்கு வாராந்திர விடுப்பை மாற்றி வாங்கிக்கொண்டு, சாமியாரின் வண்டிக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். துணி இல்லாத வீட்டுக்குத் தன் பையிலிருந்து எடுத்துப் போடுவார். "சலேத்து பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு தம்பி வீட்டில் படுக்கைதான். நீல நோட்டு பங்குக் குழுவுக்குப் போயிற்று. அவர்கள் அக்கா கடைசியாக எழுதிய பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சாமியாரோ மாற்றலாகி வந்த புதியவர், தாளில் இருக்கும் வீடுகளுக்குப் போய் வந்தார். பட்டியல் எழுதியவரின் பெயர் பட்டியலில் எப்படி இருக்கும்?

தம்பி போய்ச் சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். குழுக்காரர் தாளைப் பார்க்கவே இல்லை. "அக்கா பேரு இல்லாம லிஸ்ட்டா? நீ போப்பா" என்று சிரித்திருக்கிறார். இவரும் திரும்பி வந்துவிட்டார். அந்தக் குழுக்காரர்தான் அடக்கத்தன்று மைக்கைப் பிடித்தவர்.

ஏழு முதல் வெள்ளிக்கிழமைகள். சாமியார் அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவருக்கு வந்து போயிருக்கிறார். அவருடைய வண்டிச் சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் விக்டோரியாவைக் கூப்பிட்டு ஸ்டூலில் துணி விரிக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் அவளே மடித்து வைத்திருக்கிறாள். "திரும்பப் போய்ச் சொல்லட்டுமான்னு கேட்டேன்க்கா. வாணாம், சொல்லியாச்சில்ல, கேட்டுக் கேட்டு வாங்குற பண்டமா அதுன்னாங்க" என்று அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள். தினமும் வாங்கித் தினமும் செலவழித்த மனுஷி, ஏழு மாதம் ஒன்றும் இல்லாமல் கிடந்தார். கடைசி நாள் காலையில் சாமியாரை அழைத்து வந்தார்கள். நெற்றியில் எண்ணெய் பூசினார். விழுங்க முடியாததால் நன்மை கொடுக்கவில்லை.

குழுவைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் முடியவில்லை. அந்த ஏழு மாதத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, ஏற்றாத மெழுகுவர்த்தியும் இருந்தது. விக்டோரியா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் என் புது சூப்பிரண்டைப் பற்றிப் புலம்பினேன். டம்ளரை அந்தத் துணிமேல்தான் வைத்தேன். அக்கா டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரொம்பக் களைச்சிப் போயிருக்கிறடி. காலைல கோயிலுக்குப் போய்ட்டு வா" என்றார். அப்போதும் தனக்கு நன்மை வரவில்லை என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கச்சி நான். அந்த ஸ்டூல் எதற்கென்று எனக்குத் தெரியாதா?

இப்போது ஐந்தரை மணிப் பூசைக்குப் போகிறேன். ஆறுதல் எதுவும் கிடைத்துவிடவில்லை. போகிறேன், வாங்குகிறேன், வருகிறேன். பாதி நாள் கோபத்தோடுதான் நாக்கை நீட்டுகிறேன். ஆனாலும் வார்டில் சாயங்காலம்வரை நிற்க முடிகிறது. அக்கா அளந்து சொன்ன அளவு சரியாகத்தான் இருக்கிறது.

நீல நோட்டைக் குழுவிடமிருந்து சண்டை போட்டு வாங்கிவிட்டேன். அந்தத் துணியை விக்டோரியாவிடம் கேட்டு வாங்கினேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். துணியை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தும் டீ டம்ளரின் வட்டம் போகவில்லை. சென்ற முதல் வெள்ளிக்கிழமை, அக்காவின் தெருப் பெரியவர் வீட்டில் அதைத்தான் விரித்தேன். சாமியார் நற்கருணைச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வேற சுத்தமான துணி இல்லீங்களாம்மா?"

"இருக்குது ஃபாதர்" என்றேன். "நீங்க இதுமேலயே வைங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.