முசொஸ்த் மாமாவின் உச்சிக்கல்

எந்தக் கல்லையும் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்காமல் முசொஸ்த் மாமா கோபுரத்தின் மேலே அனுப்ப மாட்டார். சத்தம் மந்தமாக வந்தால், "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு, ஒதுக்கு" என்பார். உள்ளே விரிசல் என்று அர்த்தம்.

தொழில், பால் வண்டி ஓட்டுவது. மலைப்பாதையில் ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர், விளக்கு மாற்ற நாற்காலியில் ஏறச் சொன்னால் பக்கத்து வீட்டு அலிகானைக் கூப்பிடுவார். உயரம் என்றாலே அவ்வளவு பயம். இப்பேர்ப்பட்டவருக்குத்தான், நிலநடுக்கத்தில் கூரை சரிந்த ஐந்தடுக்குப் பூர்வீகக் காவல் கோபுரத்தை மறுபடி எழுப்பும் ஆசை வந்தது.

எங்கள் இங்குஷ் மலையில் கோபுர வேலையைத் தொடங்கினால் ஒரு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் அந்த வீட்டார் அதில் மறுபடி ஒரு கல்கூட வைக்கக்கூடாது. எதிர்மலையில் அப்படி நின்றுபோன ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குப் பெயரே 'மொட்டையர்'. அதோடு, உச்சிக்கல்லை வீட்டுக்காரன் தன் கையாலேயே வைக்க வேண்டும். தொடங்கும்போது இதை மட்டும் மாமா வசதியாக மறந்துவிட்டார்.

குளிர்காலத்தில் சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் பொடிந்துபோனது. "யாரு பாக்கப்போறா, விடுப்பா" என்றார் அலிகான்.

"கல்லு பாக்குமே!"

மூன்று வரிசையைப் பிரித்துக் கட்டவைத்தார் மாமா. அதனால்தான் நேற்று, வருடத்தின் கடைசி நாளில், பொழுது சாயும்போதும் உச்சிக்கல் தரையில் கிடந்தது.

"நீ ஏறுறியா, இல்ல உன் மாட்டை ஏத்தட்டுமா?" என்றார் அலிகான்.

"மாடு ஏறிடும், இறங்காது." மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள் ஏணியில் கால் வைத்தார்.

அவர் தலை கூரைக்கு வெளியே தெரிந்ததும் அசியத் அத்தை கத்தினாள்: "கீழ பாக்காதீங்க!"

"எதையுமே பாக்கலடி! கண்ண மூடிருக்கேன்!"

கூரை படிக்கட்டு போலக் குறுகிக்கொண்டே போகும். கடைசிக் கல்லை வைக்க வெளிப்படியில்தான் உட்கார வேண்டும். கல் கயிற்றில் ஏறியது. மாமா உச்சித் துவாரத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, கல்லை இறக்கினார். சூரியன் மலைக்கு மேல் இன்னும் விரலகலம் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. சத்தத்தில் மாமா பயந்து விழுந்துவிட்டால்?

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. பள்ளத்தாக்கை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெல்ல நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் படிந்திருந்த சுண்ணாம்பைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, கீழே நின்ற அத்தையை 'வா' என்று கையசைத்துக் கூப்பிட்டார்.